நடமாட்டம் உள்ளவரை

ஸ்ரீரங்கத்தில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் சேர்க்கைப் படிவம் என் மேசை மேல் கிடக்கிறது. நான்கு பக்கம். பெயர், வயது, சாப்பாட்டில் விலக்க வேண்டியவை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய மூன்று எண்கள், பிறகு நிபந்தனைகள். அவற்றில் ஒன்று: தன் அன்றாடக் காரியங்களைத் தானே செய்துகொள்ளக்கூடியவர்களுக்கு மட்டுமே இடம் உண்டு; உடல்நிலை மாறினால் உறவினர் உடனே அழைத்துப் போக வேண்டும். அதன் கீழே என் அத்தையின் கையெழுத்து இருக்கிறது. அப்போது அவளுக்கு வயது 81. தானே குளித்து, தானே புடவை கட்டி, அதிகாலையில் ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய் வருகிறவள். அந்த வரியை அவளும் படித்தாள், நாங்களும் படித்தோம். ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

பதினான்கு மாதம் கழித்துக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திருச்சியில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன அன்று இல்லத்துக்குப் போன் செய்தேன். "நடமாட்டம் இருக்கிறவரைக்கும் நாங்க பார்த்துக்கறோம் சார். படுத்துட்டா எங்களால முடியாது. நீங்கதான் ஏற்பாடு பண்ணிக்கணும்" என்றார் மேலாளர். மரியாதைக் குறைவாக அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவளுடைய சாமான்களை இரண்டு பெட்டியில் கட்டி வைத்திருந்தார்கள்.

அவர் மேல் எனக்கு வந்த கோபம் நாலைந்து வாரம் நீடித்தது. பிறகு சட்டத்தையும் விதிகளையும் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அவர் எந்த விதியை மீறினார் என்று என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை. மீறுவதற்கு அங்கே விதி ஒன்று இருந்ததா என்பதைத்தான் இந்தக் கட்டுரை தேடுகிறது.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் இந்தத் தீவு வயதானவர்களை எப்போதும் ஈர்த்து வந்திருக்கிறது. கடைசிக் காலத்தைப் பெருமாள் காலடியில் கழிக்க வேண்டும் என்று வந்தவர்களின் வீடுகள் உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் தலைமுறை தலைமுறையாக உண்டு. பெல் நிறுவனத்திலும் பொன்மலை ரயில்வே பணிமனையிலும் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், வங்கியிலிருந்து வந்தவர்கள், பிள்ளைகள் பெங்களூரிலோ நியூ ஜெர்சியிலோ இருக்கிறவர்கள் என்று இப்போது வருகிறவர்களின் வகை பெருகியிருக்கிறது. பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் கட்டியிருக்கிறார்கள். பகல் பதினோரு மணிக்கு எந்த வீதியில் நின்றாலும் டிபன் கேரியர் தொங்கும் சைக்கிள்களையும் ஸ்கூட்டர்களையும் பார்க்கலாம். சமைக்க முடியாதவர்களின் வீடுகளுக்குச் சாப்பாடு போகிறது. இன்னொரு வகை முதியவர்களும் உண்டு. கோயிலில் 2012 முதல் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. அதை நம்பி வாழ்கிறவர்கள், அம்மா மண்டபத்துப் பக்கமும் கோபுர நிழலிலும் படுத்து எழுகிறவர்கள். சட்டம் இந்த இரண்டு கூட்டத்தையும் இருவேறு கண்ணால் பார்க்கிறது.

நோயாளியையும் முதியவரையும் பொதுச் செலவில் பார்த்துக்கொள்ளும் எண்ணம் இந்த ஊருக்குப் புதிதல்ல. கோயிலுக்குள் தன்வந்திரிக்குச் சன்னதி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில், ஹொய்சளர் செல்வாக்குக் காலத்தில், இங்கே ஓர் ஆரோக்கியசாலை ஏற்பட்டதையும் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது செப்பனிடப்பட்டதையும் கல்வெட்டு சொல்கிறது. பொறுப்பாளர் யார், செலவுக்கு எந்த வருமானம் என்பதைக் கல்லில் வெட்டி வைப்பது அக்காலத்து வழக்கம். யார் பொறுப்பு என்று எழுதி வைக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் நான் இன்றைய தாள்களில் தேடினேன்.

தமிழ்நாடு வேகமாக மூப்படையும் மாநிலம். 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேல் அறுபதைக் கடந்திருந்தார்கள். 2031இல் அது பதினெட்டைத் தாண்டும் என்பது மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு.

இந்த மூப்புக்கு ஒரு நடுக்கட்டம் உண்டு. ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டிய நோய் இருக்காது. வீட்டில் தனியாக இருக்கவும் முடியாது. குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து எழுவது, சாப்பிடுவது, இயற்கை உபாதையை அடக்குவது ஆகிய ஆறும் ஒருவரின் தற்சார்பை அளக்க முதியோர் மருத்துவம் பயன்படுத்தும் அளவுகோல்கள். இவற்றில் ஒன்றிரண்டுக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும், வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துத் தர ஆள் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கான இல்லத்தை மேல்நாடுகளில் 'அசிஸ்டெட் லிவிங்' என்று தனி வகையாக வைத்திருக்கிறார்கள். திருச்சியின் விளம்பரப் பலகைகளுக்கும் அந்தச் சொல் வந்து சேர்ந்துவிட்டது. நம்முடைய சட்டப் புத்தகத்துக்குள் அது இன்னும் வரவில்லை.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. தமிழ்நாடு அதற்கான விதிகளை 2009இல் வகுத்தது. முதியோர் இல்லம் பற்றி அந்தச் சட்டம் பேசுவது 19ஆம் பிரிவில்தான். மாவட்டத்துக்கு ஒன்றாவது என்ற கணக்கில், குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும்படியாக, மாநில அரசு இல்லங்களை அமைக்கலாம் என்கிறது அது. அமைக்க வேண்டும் என்று சொல்லவில்லை, அமைக்கலாம் என்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் எத்தனை இல்லங்கள் உள்ளன, அங்கே மருத்துவ வசதி என்ன என்ற விவரத்தை மாநிலங்களிடமிருந்து திரட்டும்படி 2018 டிசம்பரில் அஸ்வனி குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. சட்டம் வந்து பதினோரு ஆண்டு கழித்து எண்ணிக்கையையே நீதிமன்றம் கேட்டு வாங்க வேண்டியிருந்ததை நான் சிறிய செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

இந்தச் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு அனுப்பிய மாதிரி விதிகளில் ஓர் அட்டவணை உண்டு. படுக்கையறையில் தலைக்கு 7.5 சதுர மீட்டர் இடம். சமையலறை, சாப்பாட்டுக் கூடம் போன்றவற்றையும் சேர்த்தால் தலைக்கு 12 சதுர மீட்டர். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் பகுதி, நல்ல தண்ணீர், மின்விசிறி, தொலைக்காட்சி, செய்தித்தாள், நோய்ப்பட்டவரைத் தனியே படுக்க வைக்க ஓர் அறை, சாய்தளம், கைப்பிடி. படிக்கும்போது ஒன்றையும் வேண்டாம் என்று தள்ளத் தோன்றவில்லை. ஆனால் அட்டவணையின் கனம் முழுக்க இடத்தின் மேலும் பொருளின் மேலும் விழுகிறது. ஆளுக்கு எத்தனை சதுர மீட்டர் என்பது எண்ணாகச் சொல்லப்பட்டிருக்கிறது. எத்தனை பேருக்கு எத்தனை கைகள் என்பதற்கு அப்படி ஓர் எண் கிடையாது. மேலும் இவையெல்லாம் ஆதரவற்றவர்களுக்கான இல்லத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மாதாமாதம் பணம் கட்டித் தங்கும் என் அத்தை அந்தச் சொல்லுக்குள் வரமாட்டாள்.

பணம் கட்டுகிறவர்களுக்கு வேறு கதவு. வசதியுள்ளவர்கள் வாங்கும் ஓய்வுக்கால வீடுகளுக்கென்று மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. லிஃப்ட், வழுக்காத தரை, அவசர மணி, ஆம்புலன்ஸ் என்று கட்டடத்துக்கும் வசதிக்கும் நல்ல குறிப்புகள் அதில் உண்டு. கட்டியவர், சேவை தருபவர், குடியேறுபவர் ஆகிய மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்ற யோசனையும் இருக்கிறது. அதில் சேவை தருபவரின் கையெழுத்து முக்கியமானது. வீட்டை விற்றுவிட்டுக் கட்டுமானக்காரர் போய்விடுவார். சமையலையும் நர்சையும் ஏற்பாடு செய்த நிறுவனம் இரண்டு வருஷத்தில் கையை விரிக்கும். அப்போது யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் எழுபத்தைந்து வயதுக்காரர்கள் சங்கம் வைத்துப் போராட வேண்டிவரும். ஆனால் வழிகாட்டுதல் என்பது கட்டளை ஆகாது. மாநிலம் எடுத்துக்கொண்டால்தான் உயிர் பெறும். தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் பார்ப்பது கட்டடத்தை. சொன்ன அளவில், சொன்ன தேதியில் வீடு வந்ததா என்று அது கேட்கும். ராத்திரி மணி அடித்தால் யார் வருவார் என்பது அதன் வேலை இல்லை.

இந்த இடைவெளி தமிழக அரசுக்குத் தெரியாததல்ல. 2016இல் சமூக நலத்துறை வெளியிட்ட 83ஆம் எண் அரசாணை, கட்டணம் வாங்கும் இல்லங்களையும் ஓய்வுக்காலக் குடியிருப்புகளையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்றது. அதையொட்டி எழுந்த வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம்வரை போயின. மூத்த குடிமக்களுக்கான மாநிலக் கொள்கை 2023இல் வந்தது. அரசாணை, கொள்கை, வழிகாட்டுதல் என்று தாள் சேர்ந்திருக்கிறது. சட்டமன்றம் இயற்றிய, உரிமமும் தண்டனையும் கொண்ட தனிச் சட்டம் முதியோர் இல்லத்துக்கு இல்லை.

பெண்கள் விடுதிக்கு அது இருக்கிறது என்பதை இங்கே சொல்ல வேண்டும். பொள்ளாச்சியில் ஒரு விடுதியில் சிறுமிகளுக்கு நடந்த கொடுமைக்குப் பிறகு, மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், காப்பகங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு 2014இல் கொண்டுவந்தது. மாவட்ட ஆட்சியரின் உரிமம் இல்லாமல் அத்தகைய விடுதியை நடத்த முடியாது. கல்லூரிப் பெண் தங்கும் விடுதியில் வார்டன் யார், காவலாளி யார் என்று கேட்கும் சட்டம், அவளுடைய பாட்டி தங்கும் இடத்தில் அதே குரலில் கேட்பதில்லை.

பிறகு திருச்சியில் ஒரு முதியோர் இல்லத்தை யார்தான் பார்க்கிறார்கள்? நிறையப் பேர். கட்டடத்தையும் குப்பையையும் மாநகராட்சி பார்க்கிறது. அடுப்படியை உணவுப் பாதுகாப்புத் துறை. தீயணைப்புத் துறை தன் சான்றைத் தருகிறது. அறக்கட்டளையா, சங்கமா என்பது பதிவுத் துறையின் ஏட்டில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளை வைத்திருந்தால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தனிப் பதிவு வேண்டும். சிகிச்சை தந்தால் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டம் குறுக்கே வரும். அதன் விதிகள் 2018இல்தான் வந்தன. இல்லத்தின் பெயர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பட்டியலில் இருக்கும். ஒவ்வொருவர் கையிலும் யானையின் ஓர் உறுப்பு. படுக்கையில் கிடக்கும் மனிதரிடம் வந்து, ராத்திரி யார் உங்களைப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று கேட்பது இவர்களில் எவருடைய கடமைப் பட்டியலிலும் எழுதியிருக்கவில்லை.

தேசியக் கட்டடத் தொகுப்பைப் புரட்டியபோது ஒன்றைப் பார்த்து நின்றுவிட்டேன். முதியோர் இல்லம் அதில் அனாதை இல்லத்தோடு சேர்த்துக் 'காவலில் வைக்கும் நிறுவனங்கள்' என்ற பிரிவில் வருகிறது. தீ விபத்துக் கோணத்தில் அந்த வகைப்பாட்டுக்கு நியாயம் உண்டு. தானாக எழுந்து ஓட முடியாதவர்கள் இருக்கும் கட்டடத்துக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும். தீயின் அர்த்தம் ஸ்ரீரங்கத்துக்குத் தெரியும். 2004 ஜனவரி 23 அன்று ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த பந்தல் பற்றிக்கொண்டு மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடத் தெரிந்தவர்கள், கால் உள்ளவர்கள் அவர்கள். அதே ஆண்டு ஜூலையில் கும்பகோணத்தில் 94 குழந்தைகள். அதற்கு முன் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த கொட்டகையில், 28 பேர். ஏர்வாடிக்குப் பிறகு மனநலக் காப்பகங்களுக்கும் கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளுக்கும் விதிகள் இறுகின. நம் ஊரில் விதி பெரும்பாலும் சாம்பலிலிருந்தே முளைத்திருக்கிறது. முதியோர் விஷயத்திலும் அதற்குக் காத்திருக்கக் கூடாது என்று மனம் பதறுகிறது.

தீ இல்லாமலே ஓர் எச்சரிக்கை வந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் ஓர் ஆசிரமத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மீட்கப்பட்டார்கள். உரிய அனுமதி இல்லாமல் அது நடந்துவந்தது அப்போதுதான் தெரிந்தது. அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணோம் என்று உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகே அதிகாரிகள் உள்ளே போனார்கள். ஆய்வாளர் போக வேண்டிய கதவை ஆட்கொணர்வு மனு தட்டியிருக்கிறது.

தில்லியிலும் ஒரு முயற்சி நடந்தது. 2019 டிசம்பரில் மக்களவையில் வந்த திருத்த மசோதா, மூத்த குடிமக்கள் பராமரிப்பு இல்லம் என்பதற்குச் சட்டத்தில் ஒரு வரையறை தந்தது. எல்லா இல்லங்களும் பதிவு செய்ய வேண்டும், குறைந்தபட்சத் தரம் இருக்க வேண்டும், வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளும் பதிவுக்குள் வர வேண்டும் என்றது. பிள்ளைகளிடமிருந்து பெறும் ஜீவனாம்சத்துக்கு மாதம் 10,000 ரூபாய் என்று இருக்கும் உச்சவரம்பையும் நீக்கச் சொன்னது. நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது. 2024இல் 17ஆம் மக்களவையோடு மசோதா காலாவதியானது.

அந்த 10,000 ரூபாயைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்ரீரங்கத்துக்குத் தனி வருவாய்க் கோட்டம் உண்டு. அதன் கோட்டாட்சியர்தான் இந்தச் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயம். வக்கீல் வைக்க வேண்டாம், ஒரு மனு போதும். பிள்ளை மாதம் இவ்வளவு தர வேண்டும் என்று அவர் உத்தரவிடலாம், உச்சவரம்பு 10,000. இன்னொரு பக்கம் ஜி.எஸ்.டி. சட்டம். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில், தங்கலும் சாப்பாடும் பராமரிப்பும் சேர்த்துத் தலைக்கு மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் வரி இல்லை என்று 2018இல் விலக்கு தந்திருக்கிறது. ஓர் இல்லத்தில் என்னென்ன அடங்கும், எவ்வளவு ஆகும் என்பதை வரிச் சட்டம் தெளிவாகப் பார்த்திருக்கிறது. பராமரிப்புச் சட்டம் 2007லேயே நின்றுகொண்டிருக்கிறது.

கோட்டாட்சியரிடம் பிள்ளையின் மேல் மனு போடலாம். இல்லத்தின் மேல்? டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை, சொன்ன நர்சை வைக்கவில்லை என்றால் திருச்சி நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். எண்பது வயதில் வழக்கு நடத்தும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? ஆனால் ஒன்று பலருக்குத் தெரியவில்லை. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யும் 23ஆம் பிரிவு, எழுதி வாங்கியவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆயுள்காலப் பராமரிப்புக்காக வீட்டை ஓர் இல்லத்துக்கோ அறக்கட்டளைக்கோ எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். பராமரிப்பு நிபந்தனையின் பேரில்தான் சொத்து கைமாறியது என்பது நிறுவப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. 2025 ஜனவரியில் இந்தச் சட்டத்தை முதியவர்களுக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே எழுதிக் கொடுப்பவர் பத்திரத்திலேயே அந்த வரியைச் சேர்க்க வேண்டும். பத்திரம் எழுதுபவர் 'அன்பின் பேரில்' என்று மட்டும் எழுதினால் நிறுத்திக் கேளுங்கள்.

இனி அந்தப் படிவத்துக்குத் திரும்புகிறேன். படுத்துவிட்டால் அனுப்பிவிடுவோம் என்ற நிபந்தனையைக் கொடுமை என்று மட்டும் சொல்லி நகர முடியவில்லை. இருபது பேரை இரண்டு ஆயாக்களை வைத்துப் பார்க்கும் இடத்தில் ஒருவர் படுக்கையோடு போனால் மற்ற பத்தொன்பது பேரின் கவனிப்பும் குலையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். மூக்குக் குழாய், யூரின் ட்யூப், இன்சுலின் என்று போனால் நாங்கள் ஆஸ்பத்திரி இல்லையே என்று இல்லம் சொல்லும். ஆஸ்பத்திரியோ, சிகிச்சை முடிந்தது, படுக்கையைக் காலி செய்யுங்கள் என்கிறது. இரண்டுமே நியாயம். அந்த இரண்டு நியாயத்துக்கும் நடுவே வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி நிற்கிறாள்.

இங்கே கலிபோர்னியாவைப் பார்ப்பது உதவும். திருச்சிக்காரர்களின் பிள்ளைகள் அங்கே நிறைய இருப்பதும் ஒரு காரணம். அமெரிக்காவில் மருத்துவம் சார்ந்த நர்சிங் ஹோமுக்கு 1987 முதல் வலுவான மத்தியச் சட்டம் உண்டு. உதவியோடு வாழும் இல்லங்களை அந்தந்த மாநிலம்தான் ஒழுங்குபடுத்துகிறது; மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் உரிமத்திலேயே நடமாடுகிறவர்கள் இத்தனை பேர், தானாக வெளியேற முடியாதவர்கள் இத்தனை பேர், படுக்கையில் இருப்பவர்கள் இத்தனை பேர் என்று பிரித்து எழுதுகிறார்கள். படுக்கையில் இருப்பவரை வைத்துக்கொள்ளத் தீயணைப்புத் துறையின் தனி ஒப்புதல் வேண்டும். சேர்க்கும் முன் ஒருவரின் நிலையை மதிப்பிட்டு எழுத வேண்டும். நிலை மாறினால் மறுபடி மதிப்பிட வேண்டும். முற்றிய படுக்கைப்புண், மூக்குக் குழாய் போன்ற எந்தெந்த நிலையில் உள்ளவரை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் பட்டியலாக உண்டு. வெளியேற்றுவதானால் பொதுவாக முப்பது நாள் எழுத்துமூல அறிவிப்பும் காரணமும் வேண்டும். இரவைப் பற்றியும் விதி பேசுகிறது: 16 முதல் 100 பேர் வரை இருக்கும் இல்லத்தில் ஒருவராவது தூங்காமல் பணியில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் வந்து சேரும்படி இன்னொருவர் இருக்க வேண்டும்.

அங்கே எல்லாம் பொன்னாக நடக்கிறது என்று நான் நம்பவில்லை. விதி மீறல்களும் வழக்குகளும் அங்கே ஏராளம். நான் வியந்தது அந்த ஒற்றைச் சொல்லுக்கு: தூங்காமல். ஒரு சட்டம் எழுதியவர் படுக்கையின் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால்தான் அந்தச் சொல் விதிக்குள் வரும். ஏழரை சதுர மீட்டர் என்று எழுதுபவர் பகலில் வந்து அளந்து போனவர்.

நம்முடைய ஏற்பாடுகள் பெரும்பாலும் பகலோடு முடிகின்றன. 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட 25 'அன்புச்சோலை' மையங்கள் பகல்நேர மையங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கு வருவதும் பகலில்தான். சுகருக்கும் பி.பி.க்கும் மாத்திரை, இயன்முறை மருத்துவம், வலி தணிப்பு என்று அது செய்யும் வேலை பெரிது, அதை மனமார மதிக்கிறேன். மூத்த குடிமக்களுக்கான உதவி எண் 14567 காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரையில் எடுக்கப்படுகிறது. விடிவதற்கு முன், கழிவறைக்குப் போகும் வழியிலும் விழுகிறார்கள்.

ராத்திரி விழித்திருக்க வேண்டியவர் யார் என்று பார்த்தால், மண்ணச்சநல்லூர், லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு பெண். அட்டெண்டர் என்பார்கள், ஆயா என்பார்கள், ஏஜென்சியில் ஹோம் நர்ஸ் என்று எழுதிக்கொள்வார்கள். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். தன்னைவிட எடை கூடிய ஒருவரைத் தனியாகத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், முதுகு போய்விடுகிறது. முதியோர் பராமரிப்புக்குத் தேசிய அளவில் பயிற்சிப் படிப்புகள் இருக்கின்றன. ஆனால் படித்துவிட்டு வந்தவரா என்று இல்லத்தில் சேர்க்கிறவர்கள் கேட்பதில்லை, கேட்டால் சம்பளம் ஏறும் என்று இல்லமும் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் நாளைக்கே ஒரு முதியோர் இல்லச் சட்டம் வருமானால், அதன் முதல் அத்தியாயம் இந்தப் பெண்ணைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பேன். அவளுக்கு என்ன பயிற்சி, ஒரு ராத்திரிக்கு எத்தனை பேர் அவள் பொறுப்பு, அடுத்த நாள் ஓய்வு உண்டா, கூலி என்ன. சதுர மீட்டர் இரண்டாம் அத்தியாயத்தில் வரட்டும்.

ஸ்ரீரங்கத்துக்கென்று ஒரு விதியும் வேண்டும். இது தீவு. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் போயின; அதே மாதம் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும் சரிந்தது. 2022–23இல் காவிரிப் பாலம் பழுது பார்ப்பதற்காக மாதக்கணக்கில் அடைபட்டது. அப்போது காவிரியின் மறுகரையில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகிற ஆம்புலன்ஸ் சுற்றிப் போக வேண்டியிருந்தது. வைகுண்ட ஏகாதசி அன்று பாலம் திறந்திருந்தாலும் வீதி திறந்திருக்காது. இங்கே ஓர் இல்லம் நடத்துகிறவர், வெள்ளம் வந்தால் படுக்கையில் இருப்பவர்களை எந்த வண்டியில் எங்கே கொண்டுபோவார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை மாவட்ட நிர்வாகம் வாங்கி வைத்திருக்க வேண்டும். செலவில்லாத விதி இது, ஒரு தாள்.

சட்டம் வரும்வரை ஒப்பந்தம்தான் சட்டம். சேர்க்கிறவர்கள் அதில் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை உண்டு. எந்த நிலை வந்தால் வைத்துக்கொள்ள மாட்டீர்கள் என்பதை 'உடல்நிலை மாறினால்' என்று பொத்தாம்பொதுவாக விடாமல் பெயர் சொல்லி எழுதுங்கள் என்று கேட்க வேண்டும். வெளியேறச் சொன்னால் எத்தனை நாள் தவணை, அதுவரை யார் பார்ப்பார்கள். டெபாசிட்டில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்பும். கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறலாம். படிவத்தில் கையெழுத்துப் போட்ட அன்று நாங்கள் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. சாப்பாடு எப்படி இருக்கும், மேற்கத்திய கழிவறையா, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டோம்.

அத்தைக்கு இரண்டாவதாக ஓர் இடம் கிடைத்தது, திருவானைக்காவல் பக்கம். சிறிய வீடு, பன்னிரண்டு கட்டில். சுவரில் சுண்ணாம்பு உரிந்திருந்தது. அட்டவணைப்படி அளந்தால் தலைக்கு ஏழரை சதுர மீட்டர் வருமா என்பது சந்தேகம். "ராத்திரி யாரும்மா முழிச்சிருப்பாங்க?" என்று கேட்டேன். நடத்தும் அம்மா பதில் சொல்லாமல் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு. மை பரவிய கையெழுத்தில், ஒவ்வொரு வரிக்கும் ஒரு நேரம் போட்டிருந்தது. 12.10, நாலாம் கட்டில் அம்மா திருப்பினேன். 1.40, ஏழாம் கட்டில் அய்யா தண்ணி கேட்டார். 2.15, நாலாம் கட்டில் அம்மா திருப்பினேன், முதுகு சிவப்பு இல்லை.